நோட்டில் உட்கார்ந்தவர்கள்

8.1.2025, புதன், ராஜபாளையம்

இன்று கடைக்குத் தொழிலாளர் துறையிலிருந்து உதவி ஆய்வாளர் வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும், புதிதாக மாற்றலாகி வந்த பெண். ஆபீஸ் ரூமில் உட்கார்ந்து வருகைப் பதிவேடு, விடுப்புப் பதிவேடு, வார விடுமுறைப் பதிவேடு எல்லாவற்றையும் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒரு அடித்தல் கிடையாது, ஒரு திருத்தல் கிடையாது. கடைசியில், “இதெல்லாம் யார் எழுதுறது? அச்சடிச்ச மாதிரி இருக்கே” என்றார். நான்தான் என்று எழுந்து நின்றேன்.

இந்த ஜவுளிக்கடையில் நோட்டு எழுத வந்து இருபத்திரண்டு வருஷம். எத்தனையோ அதிகாரிகள் வந்து போயிருக்கிறார்கள். ஆய்வுக் குறிப்பேட்டில் குறை என்று ஒரு வரி இன்றுவரை கிடையாது. வேறு எந்தக் கடையிலாவது உண்டா?

வழக்கம்போல ஸ்டூல் பதினாலும் அதற்குள் கீழே வந்துவிட்டன. நின்றபடி வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று நம் மாநிலத்தில் சட்டம் வந்து மூன்று வருஷத்துக்கு மேலாகிறது. ஸ்டூல்கள் மேல்மாடி குடோனில் இருக்கும். அதிகாரிக்கு நான் ஆபீஸ் ரூமில் டீ கொடுத்துக்கொண்டிருக்கும்போது குடோன் பையன் சோலைராஜ் லிப்டில் இறக்கிக் கவுண்டர் பின்னால் போட்டுவிடுவான். நாலு நிமிஷம். அதற்கும் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ‘இருக்கை வசதி உள்ளது’ என்று மாசக் கடைசியில் சேல்ஸ் பெண்கள் பதினாலு பேரும் கையெழுத்துப் போடுவார்கள். சட்டத்தில் அப்படி ஒரு நோட்டே கேட்கவில்லை. நானாக யோசித்துச் செய்தது.

அவர் போன பிறகு ஐயாதுரை அண்ணாச்சி கல்லாவிலிருந்து கூப்பிட்டுச் சொன்னார்: “ஏலே ஆஸ்டின், நீ இருக்கவரைக்கும் எனக்குக் கவலையே இல்லலே.” முதலாளி எல்லார் முன்னாலும் சொன்ன வார்த்தை.

9.1.2025

என் மனைவி ஜெபாவிடம் சொன்னேன். கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருஷம் பாத்திரக்கடையில் நின்றவள். “அந்த ஆபீசரம்மா உங்க எழுத்தைப் பார்த்தாவ, சரி. ஆளுங்க காலைப் பார்த்தாவளா?” என்று கேட்டுவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். நல்ல செய்தி சொன்னால் இவளுக்கு என்றைக்குச் சந்தோஷப்படத் தெரிந்தது?

17.1.2025, வெள்ளி

பொங்கல் கூட்டம் ஓய்ந்தது. அண்ணாச்சி ரூமுக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். ஸ்ரீவில்லிபுத்தூரில் இரண்டு மாடிக் கட்டடம் பேசி முடித்தாகிவிட்டது, ஆவணியில் திறப்பு. அங்கே மேனேஜர் நான். அவர் அக்கா மகன் வைகுண்டராஜும் அந்த வேலையைக் கேட்டுக்கொண்டிருக்கிறானாம். “அவனுக்கு வயசு பத்தாது. கணக்குவழக்கு, ரெக்கார்டு எல்லாம் தெரிஞ்ச ஆளு நீதான்” என்றார்.

ஐம்பத்தோரு வயதில் மேனேஜர்! ஒரு வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டு, அதன் கீழே ‘மேலாளர்’ என்று எழுதிப் பார்த்தேன். ‘ளா’ கொஞ்சம் அகலமாகிவிட்டது. இரண்டாவது தடவை சரியாக வந்தது.

31.1.2025, வெள்ளி

மாசக் கடைசி. இருக்கை நோட்டைச் சுற்றுக்கு விட்டேன். பதிமூன்று கையெழுத்து வந்தது. சேலை செக்‌ஷன் வெள்ளைத்தாய் போடவில்லை.

பத்தொன்பது வருஷமாக இருக்கிறவள். சுந்தரபாண்டியத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறாள். கல்யாணப்பட்டு எடுக்க வருகிற பாதிப் பேர் அவள் பேரைச் சொல்லித்தான் கேட்பார்கள். மறந்திருப்பாள் என்று நானே நோட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

“மறக்கல சார். நான் உக்காரலையே. உக்காந்ததா எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?”

“இத்தனை மாசம் போட்டியேம்மா.”

சேலையை லேசாகத் தூக்கிக் கெண்டைக்காலைக் காட்டினாள். நரம்பு நீலமாகச் சுருண்டு சுருண்டு தடித்துக் கிடந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“ஆஸ்பத்திரிக்குப் போனேன். வேலை பாக்குற எடத்துல உக்கார எடம் இருக்கான்னு டாக்டர் கேட்டாவ. இல்லன்னு சொன்னேன். அங்க இல்லன்னு சொல்லிட்டு இங்க இருக்குன்னு எழுதுனா, ரெண்டுல ஒண்ணு பொய்யில்லா?”

“மத்தவங்க எல்லாரும் போட்டுட்டாவளே.”

“போடட்டும் சார். நான் போடல.”

குரலை உயர்த்தவில்லை. கையிலிருந்த சேலையை மடித்துக்கொண்டே சொன்னாள். எனக்குத்தான் வேர்த்துவிட்டது. பக்கம் முழுக்க நிரம்பி, ஒரே ஒரு கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. பார்க்கவே சகிக்கவில்லை.

1.2.2025

அண்ணாச்சியிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாமோ? “அப்படியா சங்கதி? அவளை வாசலுக்குப் போடு” என்றார். வாசல் என்றால் கண்ணாடிக் கதவு பக்கத்தில் நின்று வருகிறவர்களைக் கைகூப்பி வரவேற்பது. அங்கே சாய்ந்துகொள்ள ஒரு ராக் கூடக் கிடையாது.

மாற்றல் உத்தரவை எழுதினேன். நன்றாகத்தான் எழுதினேன்.

2.2.2025, ஞாயிறு

காலை ஆராதனைக்கு மட்டும் போய்விட்டுக் கடைக்கு வந்தால், சேலை செக்‌ஷன் சூப்பர்வைசருக்குக் காய்ச்சல். தை முகூர்த்தக் கூட்டம் வேறு. வெள்ளைத்தாயும் வாசலில். “நீ போய் நில்லுலே” என்றார் அண்ணாச்சி. காலை பத்தரையிலிருந்து கடை சாத்தும்வரை நின்றேன். மத்தியானம் சாப்பிட்ட கால் மணி நேரம்தான் உட்கார்ந்தது.

ஒரு மணி வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. பிறகு குதிகாலில் ஆரம்பித்தது. மூன்று மணிக்கு முழங்கால், நாலு மணிக்கு இடுப்பு. சிரித்த முகத்தோடு சேலையை விரித்துக் காட்ட வேண்டும். நாற்பது சேலை விரித்தபின், “வேற கலர் இல்லையா?” என்கிறார்கள். பெண்கள் ஒரு காலைச் செருப்பிலிருந்து எடுத்து மறு காலின் மேல் வைத்துக்கொள்கிறார்கள், அப்புறம் மாற்றிக்கொள்கிறார்கள். கொக்கு மாதிரி.

இதை எழுதத்தான் வேண்டும். சேல்ஸ் பெண்கள் அடிக்கடி குத்தவைத்துக் கீழ் ராக்கை அடுக்குவதை ஆபீஸ் ரூம் கேமராவில் வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். ‘நம் பிள்ளைகளுக்கு வேலையில் எம்புட்டு அக்கறை’ என்று அண்ணாச்சியிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன். இன்றைக்கு ஆறு மணி வாக்கில் முடியாமல் நானும் கீழ் ராக் பக்கம் குத்தவைத்தேன். பக்கத்தில் அதே செக்‌ஷன் அமிர்தவல்லி ஏற்கெனவே இருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“செத்த நேரந்தான் சார். மூணு சேலை மடிக்கிற நேரம். அதுக்கு மேல இருந்தா கேமராவுல பாப்பாவ.”

கேமராவில் பார்க்கிறவன் நான்தான். தெரிந்தே சொன்னாளா, தெரியாமல் சொன்னாளா?

3.2.2025

காலையில் குதிகாலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. ஜெபா வெந்நீர் வைத்துத் தந்தாள்.

5.2.2025, புதன்

இருக்கை நோட்டை முதல் பக்கத்திலிருந்து பார்த்தேன். மூன்று வருஷம். பதினாலு பேரும் மாசாமாசம் உட்கார்ந்திருக்கிறார்கள், நோட்டில். இதில் மூன்று கையெழுத்து நான் போட்டது. அந்தந்த மாசக் கடைசியில் லீவில் போனவர்களுக்காக, பக்கம் காலியாக இருக்கக் கூடாதே என்று போட்டது. எந்த மூன்று என்று கண்டுபிடிக்க எனக்கே நேரம் பிடித்தது. அவ்வளவு பொருத்தமாகப் போட்டிருக்கிறேன்.

வார விடுமுறை நோட்டும் இந்த லட்சணம்தான். சீசன் மாசத்தில் யாருக்கு லீவு கொடுத்தோம்? ஆனாலும் நோட்டில் எல்லாருக்கும் உண்டு.

நான் திருடனில்லை. கடைப்பொருள் ஒரு நூல்கண்டைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போனதில்லை. அப்படியானால் இது என்ன?

6.2.2025

அண்ணாச்சியிடம் பேசினேன். ஸ்டூலைக் கீழேயே போட்டுவிடுவோம், கூட்டம் இல்லாத நேரம் உட்காரட்டும் என்றேன்.

“கஸ்டமரு உள்ள வரும்போது ஆளு உக்காந்திருந்தா கடை தூங்குத மாதிரி இருக்கும்லே. நீ யாரு ஆளு? என் ஆளா, அவிய ஆளா?”

“உங்க ஆளுதான் அண்ணாச்சி. அதனாலதான் சொல்லுதேன்.”

“ஸ்ரீவில்லிபுத்தூர் வேணுமா, வேண்டாமா?”

என் மேஜைக்குத் திரும்பி வந்துவிட்டேன். வேணும். அதுதான் உண்மை.

28.2.2025

இருக்கை நோட்டைச் சுற்றுக்கு விடவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

11.3.2025, செவ்வாய்

ஒன்பது பெண்கள் சேர்ந்து தொழிலாளர் துறைக்கு மனுப் போட்டிருக்கிறார்கள். உட்கார இடம் இல்லை, வார விடுமுறை இல்லை என்று. முதல் பெயர் வெள்ளைத்தாய். 20-ஆம் தேதி நேரில் விசாரிக்க வருவதாகக் கடிதம். அண்ணாச்சி கடிதத்தை என் மேஜையில் போட்டுவிட்டுச் சொன்னார்: “மூணு வருஷமா அவளுகளே போட்ட கையெழுத்து இருக்குல்லா. அந்த நோட்டைக் காட்டு. உன் எழுத்தே போதும்.”

வாசலைத் தாண்டும்போது வெள்ளைத்தாய் எனக்கும் கைகூப்பினாள். எல்லாருக்கும் கூப்புவதுபோலத்தான். நேராகப் பார்க்க முடியவில்லை.

19.3.2025

ஜெபாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அந்த மூன்று கையெழுத்து உட்பட. முழுக்கக் கேட்டாள். பிறகு, “மேனேஜர் பொண்டாட்டின்னு நாலு பேர் சொன்னா எனக்கும் சந்தோஷந்தான். ஆனா அது இல்லாமலும் நாம இருந்துக்கிடலாம்” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். இதைச் செய்யுங்கள் என்று சொல்லவில்லை.

20.3.2025, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பதினொரு மணிக்கு அதே உதவி ஆய்வாளர் வந்தார். ஸ்டூல் பதினாலும் கவுண்டர் பின்னால் இருந்தன. ஆபீஸ் ரூமில் அண்ணாச்சி, வைகுண்டராஜ், நான். மனுப் போட்ட ஒன்பது பேரும் சுவரோரம் நின்றார்கள். ஆய்வாளர் இருக்கை நோட்டைத் திறந்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, “இது உங்க கையெழுத்துதானே?” என்று கேட்டார். ஆமாம் என்றார்கள். அமிர்தவல்லி அழுதுவிட்டாள்.

“மூணு வருஷமா வசதி இருக்குன்னு கையெழுத்துப் போட்டுட்டு, இப்ப இல்லன்னா எப்படிம்மா?”

வெள்ளைத்தாய்தான் பேசினாள். “மாசக் கடைசில நோட்டு வரும் மேடம். போடச் சொல்லுவாவ, போடுவோம். போடலன்னா என்ன ஆகும்னு என்னையப் பாத்தாலே தெரியும். ஏழு வாரமா வாசல்ல நிக்கேன்.”

அண்ணாச்சி சிரித்தார். “மேடம், இஷ்டத்துக்குப் பேசலாம். ரெக்கார்டு பேசணும்லா?”

ஆய்வாளர் என் பக்கம் திரும்பினார். “நீங்கதானே எழுதுறது? நீங்க சொல்லுங்க.”

அண்ணாச்சி என்னையே பார்த்தார். அவர் கண்ணில் பயமே இல்லை. என் மேல் அம்புட்டு நம்பிக்கை. அதுதான் என்னை என்னவோ செய்தது.

“மேடம், எழுதுனது நான்தான். ஆனா இதுல உள்ளது எதுவும் நடக்கல. ஸ்டூல் குடோன்ல கிடக்கும். நீங்க வந்தா கீழ இறங்கும், நீங்க போனா மேல ஏறிடும். இந்த நோட்டு நான் ஜோடிச்சது. இதுல மூணு கையெழுத்து நான் போட்டது. இந்தா இது, இது, இது.”

வைகுண்டராஜ், “மாமா, இந்தாளு என்ன சொல்லுதான்!” என்றான். அண்ணாச்சி எழுந்து வெளியே போய்விட்டார்.

சொன்னதை எழுதித் தரச் சொன்னார்கள். எழுதினேன். வரி கோணிக்கொண்டு போனது. இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தினேன். கடைசியில் கையெழுத்துப் போட்டபோது ஏதோ பெரிய சுமையை இறக்கியதுபோல — இல்லை, அப்படிக்கூட இல்லை. என் பேரை முதல் தடவையாக எழுதுவதுபோல இருந்தது.

வேலை போய்விடும். போகட்டும். அடுத்த மாசச் சம்பளத்துக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. ஆனாலும் எனக்கு என்னைப் பிடித்திருக்கிறது. இதை வேறு யாரிடம் சொல்ல முடியும்?

21.3.2025

கடைக்குப் போனேன். போகச் சொல்வார்கள் என்று நினைத்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணாச்சி வரவில்லை. வைகுண்டராஜ் வந்து, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேனேஜர் அவன்தான் என்று சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தான். வாழ்த்துச் சொன்னேன். வலிக்கத்தான் செய்தது.

வீட்டில் ஜெபா போனில் அவள் தங்கையிடம் பேசிக்கொண்டிருந்தது முன்னறைவரை கேட்டது. “ஆமா, அவியளேதான் சொன்னாவ. ஆபீசரு முன்னாலயே, மொதலாளி முன்னாலயே. நாந்தான் எழுதுனேன்னு!” கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் இவள் என்னைப் பற்றி இந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டேன்.

28.3.2025, வெள்ளி

நோட்டீஸ் வந்துவிட்டது. ஒரு மாதத்துக்குள் இருக்கை, வார விடுமுறை இரண்டையும் சரிசெய்து காட்ட வேண்டும். பொய்ப் பதிவேட்டுக்குத் தனியாக நடவடிக்கை. அதில் என் பேரும் இருக்கிறது. இருக்கட்டும், நியாயம்தானே.

அண்ணாச்சி எட்டு நாளைக்குப் பிறகு கூப்பிட்டுவிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

“இருபத்திரெண்டு வருஷம் சோறு போட்டிருக்கேன்லே.”

“ஆமா அண்ணாச்சி.”

“என்ட்ட தனியா சொல்லியிருக்கலாம்லா?”

“சொன்னேன் அண்ணாச்சி. பிப்ரவரில.”

ஒன்பது பேரையும் அனுப்பிவிடச் சொல்லி அக்கா மகன் நச்சரிக்கிறானாம். “வெள்ளைத்தாய் இல்லாம கல்யாணச் சேலை வித்துருவானாம்லே அவன்!” என்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். பிறகு விரலை நீட்டினார். “நோட்டைக் கெடுத்தவன் நீ. நீயே சரி பண்ணு. அவ்வளவுதான். மேனேஜர் பேச்சு முடிஞ்சது.”

சரி அண்ணாச்சி என்றேன். வெளியே வந்து முதல் வேலையாக வெள்ளைத்தாயைச் சேலை செக்‌ஷனுக்குத் திரும்ப மாற்றி உத்தரவு எழுதினேன்.

2.4.2025

சோலைராஜ் ஸ்டூல்களை இறக்கினான். அமிர்தவல்லி ஒன்றில் உட்கார்ந்தாள். அவள் தலை கவுண்டருக்குக் கீழே போய்விட்டது! எதிரே நிற்கிறவர்களுக்கு ஆளே தெரியவில்லை. எல்லாரும் சிரித்தார்கள். மூன்று வருஷமாக அதிகாரிக்குக் காட்டிய ஸ்டூலில் ஒருத்தரும் உட்கார்ந்து பார்த்ததில்லை, நானும் சேர்த்து.

டேப் எடுத்துக் கவுண்டர் உயரத்தை அளந்தேன். எவ்வளவு உயரம் வேண்டும் என்று வெள்ளைத்தாயிடம் கேட்டேன். “முதுகு சாயணும் சார். கால் வைக்க ஒரு கம்பி வேணும். தொங்கவிட்டா இன்னும்தான் வீங்கும்” என்றாள். அப்படியே பட்டறையில் சொல்லிவிட்டு வந்தேன்.

19.4.2025, சனி

உயர நாற்காலிகள் வந்து மூன்று நாள். நேற்று பெரிய வெள்ளி ஆராதனைக்கு எனக்கும் விடுமுறை கிடைத்தது, நோட்டில் எழுதியபடியே.

இன்று மகாராஜபுரத்திலிருந்து ஒரு குடும்பம் முகூர்த்தச் சேலைக்கு வந்தது. வெள்ளைத்தாய் பழக்கத்தில் எழுந்துவிட்டாள். அந்த அம்மா, “நீ உக்காரு தாயி. நாங்களும் உக்காருதோம். சாவகாசமாப் பாப்போம்” என்றார். பதினோரு சேலை எடுத்துக்கொண்டு போனார்கள். அண்ணாச்சி கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

30.4.2025

இந்த மாதத்திலிருந்து வருகிற நேரத்தை அவரவரே எழுதுகிறார்கள். ஒருத்தி பச்சை மையில் எழுதுகிறாள். ஒருத்திக்கு ‘9’ தலைகீழாக வருகிறது. வெள்ளைத்தாய் 22-ஆம் தேதி ‘9.55, பஸ் ரிப்பேர்’ என்று இரண்டு கட்டத்துக்குச் சேர்த்து எழுதிவிட்டாள். யார் எந்த நாள் விடுமுறை என்று அவர்களுக்குள் பேசி மாற்றிக்கொண்ட இடங்களில் அடித்தல், மேலே சின்னக் கையெழுத்து. கோழி கிளறியதுபோல இருக்கிறது பக்கம்.

ஆய்வாளர் வந்து பார்த்தார். ஒரு தேதியை எடுத்துக்கொண்டு நேராக செக்‌ஷனுக்குப் போய் அமிர்தவல்லியிடம் அன்றைக்கு நடந்ததைக் கேட்டார். நோட்டில் இருந்ததையே அவள் சொன்னாள். குறிப்பேட்டில் ‘பதிவேடுகள் நடைமுறையோடு ஒத்துள்ளன’ என்று எழுதினார். பாராட்டு ஒன்றும் இல்லை. அந்த ஒரு வரியை நாலு தடவை படித்தேன்.

16.6.2025

என் அபராதத்தைக் கட்டினேன். ரசீதைப் பத்திரப்படுத்தியிருக்கிறேன்.

7.7.2025, திங்கள்

வெள்ளைத்தாய்க்குக் காலில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்று வாரம் மருத்துவ விடுப்பு. நானும் ஜெபாவும் பார்க்கப் போனோம். ஜெபாவும் அவளும் பாத்திரக்கடை, ஜவுளிக்கடை என்று ஒரு மணி நேரம் பேசினார்கள். நான் ஒரு வார்த்தை பேச இடம் கிடைக்கவில்லை.

2.9.2025, செவ்வாய்

வெள்ளிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் கடை திறந்தாகிவிட்டது. அங்கே பதிவேடுகளை ஆரம்பித்து வைக்கச் சொல்லி இன்று அண்ணாச்சி என்னை அனுப்பினார். “நம்ம கடையில உள்ள மாதிரியே வையி” என்று மட்டும் சொன்னார்.

தரைத்தளத்தில் துண்டு, வேட்டி செக்‌ஷன். ஒரு பெண் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். இருபது வயது இருக்கும். அடையாள அட்டையில் ஸ்வீட்லின் என்று இருந்தது. வேலைக்குச் சேர்ந்து ஐந்தாவது நாள். நான் யாரென்று தெரியாது.

“வாங்க சார், என்ன பாக்கணும்?” எழுந்திருக்கவில்லை.

வைகுண்டராஜ் பின்னாலிருந்து வேகமாக வந்தான். “ஏட்டி, எந்திரி! ராஜபாளையத்துல இருந்து சார் வந்திருக்காவ.”

அந்தப் பெண் அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “எதுக்கு சார் எந்திரிக்கணும்?” என்றாள். எதிர்த்துப் பேசவில்லை. நிஜமாகவே அவளுக்குத் தெரியவில்லை.

வைகுண்டராஜ் பக்கத்திலிருந்த துண்டு அடுக்கைச் சரிசெய்யத் தொடங்கினான். அவளிடம் ஒரு துண்டு காட்டச் சொன்னேன். உட்கார்ந்தபடியே எட்டுத் துண்டு எடுத்துப் போட்டாள். ஒன்றை வாங்கிக்கொண்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் பயங்கரக் கூட்டம். ராஜபாளையம் வரை நின்றுகொண்டேதான் வந்தேன். வழியில் ஒரு இடம் காலியானது. பக்கத்தில் நின்றவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாராம், இறங்கும்போது சொன்னார். அந்தப் பெண் கேட்டதையே நினைத்துக்கொண்டிருந்தேன், எனக்குக் காதில் விழவே இல்லை.